கல்வி உளவியல் விரிவுரையாளர் வேலை: கொழும்பிலிருந்து சில பதில்கள்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் கல்வி உளவியல் கற்பிக்கிறேன். உயர்தரம் முடித்த பிள்ளைகள், வார இறுதி வகுப்புக்கு வரும் ஆசிரியர்கள், என் வேலையைக் கேள்விப்பட்ட பெற்றோர் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நேரில் அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

கல்வி உளவியல் என்றால் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வதா?

இல்லை. பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள், ஏன் சிலருக்கு ஒரு விஷயம் ஏறுவதில்லை, எது ஞாபகத்தில் நிற்கிறது, எது அடுத்த கிழமையே போய்விடுகிறது, பயமும் பசியும் படிப்பை என்ன செய்கின்றன என்று ஆராய்கிற துறை இது. நான் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பதில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு முன்னால் நிற்கிறேன்.

மனநல வைத்தியரும் சிகிச்சை உளவியலாளரும் வேறு. சிகிச்சை உளவியலாளராக வர விரும்புகிறவர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் தனியாக ஒரு முதுதத்துவமாணிப் (எம்.ஃபில்) படிப்பு இருக்கிறது. கல்வி பீடத்து வழி அங்கே போய்ச் சேராது. இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்; இரண்டாம் வருடத்தில் தெரியவந்து கலங்கிய மாணவர்களைக் கண்டிருக்கிறேன்.

அப்படியென்றால் உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் யார்?

கிழமை நாட்களில் கல்விமாணிப் பட்டத்துக்குப் படிக்கும் இளையவர்கள். வார இறுதியில் பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்யும் ஆசிரியர்கள். இவர்கள் ஏற்கெனவே பட்டதாரிகள், ஏற்கெனவே பாடசாலைகளில் கற்பிக்கிறவர்கள். அந்த டிப்ளோமாவில் கல்வி உளவியல் எல்லோரும் எடுத்தே ஆகவேண்டிய பாடம்.

சனிக்கிழமை காலை வகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. புத்தளத்திலிருந்தும் அவிசாவளையிலிருந்தும் வருவார்கள், கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தும் வருவார்கள். அட்டனிலிருந்து வரும் ஓர் ஆசிரியை வெள்ளிக்கிழமை பாடசாலை முடிந்து, வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, இரவு பஸ் ஏறி, விடியப்புறம் நாலு மணிக்குக் கோட்டையில் இறங்குவார். வெளிச்சம் வரும்வரை பஸ் நிலையத்து வாங்கில் இருந்து ஒப்படை எழுதுவார். எட்டரைக்கு என் முன்னால் இருப்பார், கண் சொருகியபடி.

இப்படிப்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரம் தொடர்ந்து பேசுவது அநியாயம். அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திவிடுவேன். கொப்பியை மூடச் சொல்லி, சற்றுமுன் பேசியதைப் பார்க்காமல் எழுதச் சொல்வேன். இது தூக்கம் கலைக்கும் வித்தை மட்டுமல்ல. ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னே நின்றார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு கிழமை கழித்தும் வைத்த சோதனைகளில், வாசித்ததைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள்தான் முன்னே நின்றார்கள். இதைச் சொல்லிக் கொடுப்பதைவிட அவர்களிடமே செய்து காட்டினால், திங்கட்கிழமை தங்கள் வகுப்பிலும் செய்கிறார்கள்.

உயர்தரத்தில் உளவியல் பாடமே இல்லையே, எந்தப் பிரிவு எடுக்க வேண்டும்?

எந்தப் பிரிவென்றாலும் பரவாயில்லை. கலைப் பிரிவுதான் வேண்டும் என்று நினைக்கிறார்கள். கணிதம் படித்து வந்தவர்களுக்குப் புள்ளிவிவரவியல் பயமில்லை, ஆய்வு செய்யும்போது அது பெரிய உதவி. அளவையியல் படித்தவர்களுக்கு வாதங்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தை மட்டும் எப்படியாவது வளர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வெளிவருகின்றன.

விரிவுரையாளராக என்ன தகுதி வேண்டும்?

அரச பல்கலைக்கழகங்கள் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. ஆட்சேர்ப்பு விதிகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகள் வகுக்கின்றன. வழமையான பாதை இது: தொடர்புடைய துறையில் சிறப்புப் பட்டம், அதில் முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து, குறித்த காலத்துக்குள் முதுமாணியோ முதுதத்துவமாணியோ கலாநிதியோ முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் நியமனம் உறுதிப்படாது. முதுமாணியோடு வருகிறவர்களுக்கு வேறு நிபந்தனைகள். விளம்பரத்தை வரிவரியாக வாசியுங்கள், ஒருவர் சொல்லக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டாம்.

நேர்முகத்தில் ஒரு சின்ன விளக்கக்காட்சியும் செய்யச் சொல்வார்கள். தெரிந்ததெல்லாவற்றையும் அதற்குள் திணிக்காமல் ஒரே ஒரு கருத்தை எடுத்து, குழுவில் அந்தத் துறை தெரியாத ஒருவருக்கும் விளங்கும்படி சொல்லுங்கள். சேர்ந்த பிறகு உயர்கல்விக் கற்பித்தலுக்கான சான்றிதழ் பாடநெறி ஒன்றும் இருக்கிறது. கற்பித்தலைப் பற்றிக் கற்பிக்கிற எங்களுக்கும் அது தேவைதான். நான் அதில் நிறையவே படித்தேன்.

நிரந்தரப் பதவிக்கு முன் பலர் தற்காலிக உதவி விரிவுரையாளராகவோ, மணித்தியாலக் கொடுப்பனவில் வருகை விரிவுரையாளராகவோ சில வருடங்கள் ஓடுகிறார்கள். நானும் ஓடினேன். நாவலையில் திறந்த பல்கலைக்கழகம், மஹரகமையில் தேசிய கல்வி நிறுவகம் என்று ஆசிரியர் கல்வி நடக்கும் இடங்கள் கொழும்பைச் சுற்றியே இருப்பதால், இங்கிருப்பவர்களுக்கு அப்படி ஓடுவது கொஞ்சம் சுலபம்.

தமிழில் கற்பிப்பது கஷ்டமா?

இந்தக் கேள்விக்கு என்னால் ஒரு நாள் முழுக்கப் பதில் சொல்ல முடியும்.

முதலில் கலைச்சொல். இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் ‘நுண்மதி’ என்கிறோம், தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ‘நுண்ணறிவு’ என்று இருக்கும். இப்போது ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல் எங்கும் பரவிவிட்டதால், முதலாம் வருடப் பிள்ளைகள் நுண்மதியும் நுண்ணறிவும் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் என்று நினைத்துக் குறிப்பெடுக்கிறார்கள். கவுன்சலிங் என்பதற்கு எங்களிடம் சீர்மியம், உளவளத்துணை, ஆற்றுப்படுத்தல், ஆலோசனை என்று நாலு சொல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் படித்தவர் ஒன்றைச் சொல்வார், மட்டக்களப்பில் படித்தவர் இன்னொன்றைச் சொல்வார். நான் எதையும் தவறென்று வெட்டுவதில்லை. எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு, பரீட்சையில் எதை எழுதினாலும் புள்ளி உண்டு என்று சொல்லிவிடுவேன்.

ஒருமுறை, பிள்ளைக்குத் தேவையான அளவு உதவியைக் கொடுத்து, அவன் பழகப் பழக அதை விலக்கிக்கொள்கிற முறையைப் பற்றிப் பேசினேன். வுட், புரூனர், ரோஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1976 இல் அதைக் கட்டட வேலையின் சாரத்துக்கு ஒப்பிட்டார்கள். ‘சாரம் கட்டுதல்’ என்று எழுதினேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. எங்கள் ஊரில் சாரம் என்றால் இடுப்பில் கட்டுவதுதானே. சிரிப்பு அடங்குமுன் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தகப்பன் மேசன்.

“மிஸ், எங்கட அப்பா அதைப் பலஞ்சி எண்டுதான் சொல்லுவார். சிங்களத்தில பலஞ்சிய. சுவர் காயுற வரைக்கும்தான் அது நிக்கும். காய்ஞ்ச பிறகும் கழட்டாட்டி ஜன்னல் போட ஏலாது.”

உதவியை எப்போது நிறுத்த வேண்டும் என்று நான் ஒரு மணி நேரம் விளக்கியிருப்பேன். அவள் ஜன்னலோடு முடித்துவிட்டாள். அந்த வருடத்திலிருந்து நான் சாரம் என்று எழுதி, பலஞ்சி என்று சொல்லி, ஜன்னல் கதையோடு கற்பிக்கிறேன்.

மொழியால் வரும் பாதிப்பையும் சொல்ல வேண்டும். வருகை விரிவுரையாளராக இருந்த காலத்தில் ஓர் இடத்தில், ஆங்கிலத்தில் தயாரித்த வினாத்தாள் ஒன்று தமிழுக்கு வந்தபோது, ‘எதிர் மீளவலியுறுத்தல்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘தண்டனை’ என்று அச்சாகியிருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான விளைவு உடையவை. தண்டனை ஒரு நடத்தையைக் குறைக்கும். எதிர் மீளவலியுறுத்தல், பிடிக்காத ஒன்றை விலக்கி ஒரு நடத்தையைக் கூட்டும்: பிள்ளை வயிற்றுவலி என்று சொன்னதும் கணிதப் பாடத்திலிருந்து வெளியே விட்டால், அடுத்த கணிதப் பாடத்திலும் வயிறு வலிக்கும். பாடத்தைச் சரியாகப் படித்த மாணவர்கள்தான் அன்று குழம்பிப்போனார்கள். பிழையை எழுதிக் கொடுத்தேன்; திருத்தம் வருவதற்குள் பெறுபேறு வந்துவிட்டது. அன்றிலிருந்து என் கைக்கு வரும் ஒவ்வொரு தமிழ் வினாத்தாளையும் மற்ற மொழிப் பிரதியோடு பக்கத்தில் வைத்துச் சொல்லுக்குச் சொல் பார்க்கிறேன். சம்பளப் பட்டியலில் இல்லாத வேலை இது. தமிழ்மொழி மூல விரிவுரையாளர் ஒவ்வொருவரும் செய்கிற வேலை.

கற்பித்தல் பயிற்சி மேற்பார்வையில் என்ன செய்வீர்கள்?

டிப்ளோமா ஆசிரியர்களின் பாடசாலைக்குப் போய், கடைசி வாங்கில் இருந்து பாடத்தைப் பார்ப்போம். ஆசிரியர்கள் இதைப் பரீட்சையாக நினைத்துப் பதறுகிறார்கள். முதல் நாள் இரவே வண்ண அட்டைகள் வெட்டி, பிள்ளைகளை ஒத்திகை பார்த்து வைப்பார்கள். நான் அட்டைகளைப் பார்ப்பதைவிடக் கொப்பிகளைப் பார்ப்பேன்.

வட கொழும்பில் ஒரு பாடசாலை. ஒரே மண்டபத்தைப் பலகையால் மறித்து மூன்று வகுப்பாக்கியிருந்தார்கள். பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்லச் சொல்ல, இந்த வகுப்பு ஆசிரியை குரலை உயர்த்திக்கொண்டே போனார். தரம் 4. கரும்பலகையில் “மரம் நமக்கு நிழல் தரும்” என்று எழுதினார். பழைய பலகை, கறுப்பு வர்ணம் சில இடங்களில் பெயர்ந்து வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தது. அதில் ஒரு புள்ளி, மரத்தின் ரகரத்துக்கு நேர்மேலே.

எனக்குப் பக்கத்தில் இருந்த சிறுவனின் கொப்பி அந்த வகுப்பிலேயே வடிவானது. ஓரம் மடங்கவில்லை, அழித்த தடம் இல்லை. அவன் “மர்ம் நமக்கு நிழல் தரும்” என்று எழுதியிருந்தான். மற்ற முப்பது பேரும் ‘மரம்’ என்று எழுதியிருந்தார்கள். ஏனென்றால் அவர்கள் வாசித்தார்கள். அந்தப் புள்ளி அவர்கள் கண்ணில் படவே இல்லை. இவன் ஒருவன் மட்டும் பலகையில் உள்ளதை உள்ளபடி வரைந்திருந்தான்.

“தம்பி, இதை வாசிச்சுக் காட்டுங்க” என்றேன். பக்கத்தைப் பார்த்தபடி, முதல் நாள் படித்த வேறொரு வசனத்தைத் தெளிவாகச் சொன்னான்.

பாடம் முடிந்து ஆசிரியையிடம் கேட்டேன். “அவனா மிஸ்? நல்ல பிள்ளை. ஒரு கரைச்சலும் இல்ல. கொப்பிய பாருங்களேன், எவ்வளவு வடிவு” என்றார். பொய் சொல்லவில்லை. கரைச்சல் இல்லாத பிள்ளையைக் கவனிக்க முப்பத்தொரு பேர் வகுப்பில் யாருக்கு நேரம்? நான் அந்தக் கொப்பியையும் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியையும் சேர்த்து அவர் கையில் வைத்தேன். பார்த்தார். பிறகு பலகைக்குப் போய் அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

தன் வகுப்பிலுள்ள ஒரு பிரச்சினையை எடுத்து, தானே தீர்க்க முயன்று பதிவு செய்யும் செயல்நிலை ஆய்வை அவர் அந்தப் பிள்ளையைப் பற்றியே செய்தார். இடைவேளைக்கு முன் தினமும் பத்து நிமிடம், எழுத்தட்டைகளோடு, ஒலியிலிருந்து தொடங்கினார். அடுத்த மேற்பார்வைக்குப் போனபோது மரம், மணி, படம் போன்ற சின்னச் சொற்களைக் கூட்டி வாசித்தான். வகுப்பு மட்டத்துக்கு வர இன்னும் தூரம் இருந்தது. கொப்பியில் இப்போது அழித்த தடங்கள் இருந்தன, அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

எனக்குப் புள்ளி போடும் படிவம் ஒன்று இருக்கிறது. குரல், கற்பித்தல் சாதனம், நேர முகாமை என்று நிரல்கள். அந்தச் சிறுவனுக்கு அதில் நிரல் இல்லை. அதனால்தான் விரிவுரை மண்டபத்தில் ‘மெல்லக் கற்பவர்’, ‘கவனக் குறைபாடுள்ளவர்’ என்று பெயர்களைக் கற்பிக்கும் முன், ஒரே ஒரு பிள்ளையை ஒரு கிழமை பார்த்து, பெயர் எதுவும் சூட்டாமல் அவன் செய்ததை மட்டும் எழுதிவரச் சொல்கிறேன். ஆசிரியர்களுக்கு மிகவும் கஷ்டமான ஒப்படை இதுதான். “சோம்பேறி” என்று எழுதிக்கொண்டு வருவார்கள். “அவன் என்ன செய்தான் என்று எழுதுங்கள்” என்று திருப்பிக் கொடுப்பேன். மூன்றாவது தடவையில்தான், “பென்சிலைக் கூராக்க நாலு தடவை எழும்பிப் போனான், பந்தி எழுதச் சொன்ன பிறகுதான் போனான்” என்று வரும்.

பியாஜே, வைகோட்ஸ்கி எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்துமா?

பிள்ளைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் இவர்கள். இருவரும் 1896 இல் பிறந்தவர்கள். பியாஜே தன் சொந்தப் பிள்ளைகள் மூவரையும் கூர்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தவர். வைகோட்ஸ்கி 37 வயதில் காசநோயால் இறந்தவர். அவர்கள் சொன்ன வயதெல்லைகள் அப்படியே பொருந்த வேண்டியதில்லை. பின்வந்த ஆய்வுகள் பியாஜே நினைத்ததைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம் முடியும் என்று காட்டியிருக்கின்றன. ஆனால் பியாஜேயின் பார்க்கும் முறை எங்கும் பொருந்தும். பிள்ளையின் பிழையான விடையை அவர் வெட்டவில்லை, அந்தப் பிழைக்குள் என்ன யோசனை இருக்கிறது என்று கேட்டார். பிள்ளை தனியே செய்யக்கூடியதற்கும் உதவியோடு செய்யக்கூடியதற்கும் இடையிலுள்ளதை வைகோட்ஸ்கி ‘அண்மை விருத்தி வலயம்’ என்றார். அது மலையகத்துத் தோட்டப் பாடசாலையிலும் இருக்கிறது, வெள்ளவத்தையிலும் இருக்கிறது.

என் பிள்ளை பார்த்துப் படிக்கிறவனா, கேட்டுப் படிக்கிறவனா என்று சோதித்துச் சொல்வீர்களா?

மாட்டேன். பிள்ளைகளைக் காட்சி வழி, செவி வழி, செயல் வழி என்று பிரித்து அந்தந்த வழியில் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்ற நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பாஷ்லர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2008 இல் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். இன்னும் ஆசிரியர் செயலமர்வுகளில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், காசு வாங்கிச் சோதிக்கவும் செய்கிறார்கள். பிள்ளைக்கு விருப்பமான வழி இருக்கலாம். ஆனால் தேசப்படத்தை எல்லோரும் பார்த்துத்தான் படிக்க வேண்டும், உச்சரிப்பை எல்லோரும் கேட்டுத்தான் படிக்க வேண்டும். அந்தக் காசுக்கு அவனுக்குக் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

பத்து வயதுப் பிள்ளைக்கு அது மிகப் பெரிய சுமை. இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, ஒரு வெட்டுப்புள்ளி. கொழும்பில் தரம் 3 இலேயே ரியூஷன் தொடங்கிவிடுகிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை நல்ல பாடசாலைக்குப் போகவும் கொடுப்பனவு பெறவும் இந்தப் பரீட்சை வழி திறந்திருக்கிறது. அந்த வழியால் வந்தவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அதனால் சட்டென்று தூக்கியெறியச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ‘நுண்மதி வினாக்கள்’ பிள்ளையின் பிறவி அறிவை அளக்கின்றன என்று நினைப்பது பிழை. பயிற்சியால் இவ்வளவு கூடுகிற ஒன்று எப்படிப் பிறவி அளவாகும்? பினே, சிமோன் என்ற இருவர் 1905 இல் பாரிஸில் முதல் நுண்மதிச் சோதனையைத் தயாரித்ததே, பாடசாலையில் யாருக்கு மேலதிக உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். உதவி தேடித் தொடங்கிய கருவியை நாங்கள் வடிகட்டியாக்கிவிட்டோம். பெறுபேறு வந்த அன்று உங்கள் பிள்ளையிடம் முதலில் புள்ளியைக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

அடிக்காமல் வகுப்பை நடத்த முடியுமா?

முடியும். அரச பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் தடை செய்திருக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அடி, அந்த நேரத்தில் அந்த நடத்தையை நிறுத்தும். பதிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லித்தராது. பிள்ளை படிப்பது, அடிப்பவர் இருக்கும்போது ஒளிப்பது எப்படி என்பதை. “நாங்களும் அடி வாங்கித்தானே படிச்சோம்” என்பார்கள் என் வகுப்புக்கு வரும் ஆசிரியர்கள். அடி வாங்கிப் படிப்பை விட்டுப் போனவர்கள் இந்த விரிவுரை மண்டபத்தில் இல்லை என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவுபடுத்துவேன்.

சம்பளம், லீவு, பதவி உயர்வு?

அடிப்படைச் சம்பளத்தோடு கல்விசார் ஊழியருக்கான கொடுப்பனவுகள் சேரும். வாழலாம். கொழும்பில் வீட்டு வாடகை கொடுத்து வாழ்வது இறுக்கம். தகுதிகாண் விரிவுரையாளரிலிருந்து சிரேஷ்ட விரிவுரையாளர் தரம் 2, தரம் 1, பிறகு பேராசிரியர் என்று படிகள். மேலே போக ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். ஏழு வருடச் சேவைக்கு ஒரு வருட ஆய்வு விடுமுறை கிடைக்கும். ஓய்வு பெறும் வயது 65. 2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதம் போராடினார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கக் கேட்டது அப்போதுதான். அந்தக் கோரிக்கை இன்றும் என் கோரிக்கை.

என் பிள்ளைக்கு வாசிக்க வராது. யாரிடம் போவது?

முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். இதைச் செய்யாமல் ஒரு வருடம் ரியூஷன் மாற்றிக்கொண்டிருந்த பெற்றோர் உண்டு. பிறகு வகுப்பாசிரியரிடம் கொப்பிகளோடு போய்ப் பேசுங்கள். அதன்பிறகும் சந்தேகம் இருந்தால் பொரளையில் ரிட்ஜ்வே சீமாட்டி சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல உதவிக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926, சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிச் சொல்ல 1929. ஃபோனில் என்னிடம் நோயின் பெயர் கேட்காதீர்கள். பிள்ளையைப் பார்க்காமல் பெயர் சொல்வது நான் கற்பிக்கிற எல்லாவற்றுக்கும் விரோதம்.

பன்னிரண்டு வருடம் ஆசிரியராக இருந்துவிட்டேன். இனி இந்தத் துறைக்கு வரலாமா?

வாருங்கள். நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு வயதும் பட்ட வகுப்பும் தடையாகலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கல்வி முதுமாணி செய்யலாம், வருகை விரிவுரையாளராகலாம், ஆசிரிய ஆலோசகராகலாம், தேசிய கல்வியியற் கல்லூரிகளில் கற்பிக்கலாம். பன்னிரண்டு வருடம் வகுப்பில் நின்ற ஒருவருக்குத் தெரிந்தவை இருபத்தைந்து வயது முதல் வகுப்புப் பட்டதாரிக்குத் தெரியாது. என்னைப் பார்க்க வரும்போது சான்றிதழ்க் கோப்போடு இன்னொன்றும் கொண்டு வாருங்கள்: உங்களுக்குப் பிடிபடாமல் போன ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம். அவன் என்ன செய்தான், என்ன சொன்னான், கொப்பியில் என்ன எழுதினான் என்று மட்டும் எழுதுங்கள். நாங்கள் அங்கிருந்து தொடங்குவோம்.